மூன்றாவது முயல் ஏன் குதிக்கவில்லை?

தீபாவளி லீவு, தலவாக்கலையில் விடாத மழை. சித்தியின் பிள்ளைகள் இரண்டு பேரும் நானும் ஒரே லெப்டொப்பில் ஜம்ப் அன் பம்ப் ஆடினோம். 1998இல் வந்த முயல் விளையாட்டு. அடுத்தவன் தலையில் குதித்தால் புள்ளி. லெவலை நாமே செய்யலாம். வரைபடம் வெறும் இலக்கங்கள்தான்: 0 வெற்றிடம், 1 தரை, 2 தண்ணீர், 3 ஐஸ், 4 ஸ்பிரிங். தேயிலை மலை மாதிரி படிப்படியாக அடுக்கி, லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக் கூரையில் ஒரு 4 வைத்தேன்.

மூவரும் நெருங்கினால் சின்னவனின் முயல் மட்டும் நின்றுவிடும். "அண்ணே, நீங்கதான் ஏதோ செஞ்சிட்டீங்க!" நானும் லெவலைத்தான் சந்தேகித்து ஒரு மணி நேரம் வீணாக்கினேன்.

அப்புறம் நோட்பேடைத் திறந்து, மற்ற இருவரின் விசைகளான ஏ, டபிள்யூ, மேல் அம்பு மூன்றையும் அழுத்தியபடி, சின்னவன் குதிக்கும் விசையான ஐ தட்டினேன். அந்த எழுத்தே விழவில்லை. மலிவான கீபோட்டில் விசைகள் வரிசை, நிரலாக ஒரே கம்பிகளைப் பகிர்வதால், சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எது எதுவென்று அதற்குப் புரியாது; ஒன்றை விட்டுவிடும்.

அலுமாரிக்கு மேல் கிடந்த பழைய யூஎஸ்பி கீபோட்டைச் செருகி சின்னவனிடம் கொடுத்தேன். விளையாட்டில் எதையும் மாற்றவில்லை. அதில் எல் எழுத்து அழிந்திருந்தது, பேனாவால் எழுதிக்கொண்டான். அன்றிரவு முழுக்க என் தலையில்தான் குதித்தான்.