ஆர்ட்ஸ் டிகிரில இன்டர்ன்ஷிப் போறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கட ஒஃபிஸுக்கு வருசா வருசம் கெம்பஸ் புள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்கு வாறாங்க, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துல இருந்தும் வாறாங்க, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துல இருந்தும் வாறாங்க. முதல் நாள் இருக்கச் சொல்லி "மகள், உங்களுக்கு என்னென்ன செய்யத் தெரியும்" எண்டு கேட்டா முக்கால்வாசிப் பேர்ட வாயில இருந்து வாறது ஒரே பதில்தான், "நாங்க ஆர்ட்ஸ் தானே மிஸ்". அதக் கேக்கக்குள்ள எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்கும், ஏனெண்டா நானும் வந்தாறுமூலைல படிச்சு அதே வசனத்தோடதான் ஒரு ஒஃபிஸுக்குப் போனன். நான் பாத்த அளவுல மத்த பிழைகள்ல பாதி இந்த ஒரு வசனத்துல இருந்துதான் கிளம்புது.

முதல் ரெண்டு கிழமை நான் அங்க செஞ்சது ஃபோட்டோகொப்பி எடுத்ததும் தபால் புத்தகத்துல பதிஞ்சதும்தான். ஒருத்தரும் வேலை தரல்ல எண்டு எனக்கு அவங்க மேல சரியான கோவம். மறுகாதான் விளங்கிச்சு, அங்க இருக்கிறவங்களுக்கு அவங்கட ஃபைலப் பாக்கவே நேரமில்ல, இதுல இன்டர்ன் புள்ளைக்கெண்டு ஒரு வேலைய யோசிச்சுத் தயார் பண்ணி வெக்க ஆருக்கு ஏலும்? ஒரு நாள் பக்கத்து மேசை அக்காட்ட "இந்த வீட்டு விண்ணப்பமெல்லாம் ஊர் ஊரா பிரிச்சு ஒரு லிஸ்ட் போட்டுத் தரவா அக்கா" எண்டு நானே கேட்டன், அவ ஒரு கட்டு விண்ணப்பத்தையே தூக்கித் தந்தா, அந்த லிஸ்ட்டுக்குப் பிறகு நான் சும்மா இருந்த நாளே இல்ல. அதனால சொல்றன், "ஏதாவது வேலை இருக்கா" எண்டு கேக்காதீங்க, அதுக்கு "இப்ப இல்ல" எண்டுதான் பதில் வரும். ரெண்டு நாள் கண்ண வெச்சுப் பாத்துட்டு "இத நான் செய்யட்டா" எண்டு ஒரு வேலையக் காட்டிக் கேளுங்க.

ஆர்ட்ஸ் புள்ளைக்கு என்ன தெரியும் எண்டு கேட்டா, வாவிக்கு அங்கால படுவான்கரைல இருந்து பஸ் ஏறி வந்த ஒரு வயசான அம்மா ஃபோமக் கையில வெச்சிட்டு முழிக்கிறா, அவட்ட இருந்து விசயத்தப் பொறுமையா கேட்டு எடுக்கிறது சமூகவியல்ல நீங்க படிச்ச நேர்காணல்தான். சுற்றறிக்கைல இருக்கிற கடும் தமிழ சனத்துக்கு விளங்குற மாதிரி அரைப் பக்க அறிவித்தலா எழுதுறது தமிழ் படிச்ச புள்ளைக்கு ஒரு மணித்தியால வேலை, புவியியல் படிச்ச புள்ளை எந்தக் கிராம சேவகர் பிரிவுல மாரில தண்ணி நிக்கும் எண்டு ஒரு மெப் கீறிக் குடுத்தா அதச் சுவர்ல ஒட்டி வெச்சு எல்லாரும் பாப்பாங்க. இதெல்லாம் ஒஃபிஸுக்குத் தேவைப்படுற வேலை, நீங்க சொன்னாத்தான் உங்களுக்கு இது ஏலும் எண்டு அவங்களுக்குத் தெரியும்.

ஆனா தெரியாம போகக்கூடாத விசயமும் இருக்கு. ஃபோன்ல யூனிகோட்ல தமிழ் அடிச்சுப் பழகின புள்ளைகள் ஒஃபிஸ் கொம்பியூட்டர்ல பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவ கண்டதும் கையக் கட்டிட்டு இருந்திருவாங்க. எங்கட பக்கத்து ஒஃபிஸ்கள்ல பழைய கடிதமெல்லாம் பாமினிலதான் கிடக்கு, போறதுக்கு முதல் ஒரு பத்து நாள் அடிச்சுப் பழகுங்க, யூனிகோடுக்கு மாத்துறது எப்படி எண்டும் பாத்து வைங்க. எக்செல்ல சோர்ட் பண்ணவும் ஃபில்டர் போடவும் தெரிஞ்சா போதும், அதுக்கு மேல அங்க படிக்கலாம். அரச கடிதம் ஒண்டுல "எனது இல", "உமது இல", திகதி, விடயம் எல்லாம் எங்க எங்க வரும் எண்டு நாலு கடிதத்த எடுத்து வாசிச்சாலே பிடிபட்டிரும்.

இடம் எடுக்கிறதுல நடக்கிற பிழை இன்னும் பெரிசு. வீட்டுக்குக் கிட்ட இருக்கு, மாமா அங்க வேலை செய்றார், நேரத்தோட வீட்ட வரலாம் எண்டு பாத்து எடுக்கிறாங்க. தூரம் பாக்கிறது பிழையில்ல, கல்முனைல இருந்து மட்டக்களப்புக்கு கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், தினமும் பஸ்ல வந்து போறது லேசான விசயமில்ல, பஸ் காசும் இருக்கு. ஆனா சொந்தக்காரர்ட மேசைக்குப் பக்கத்துல இருந்தா அவர் உங்களுக்கு கஷ்டமான வேலை தரவே மாட்டார், பிழை விட்டாலும் மூடி மறைச்சிருவார். அம்பாறை டவுன்ல ஒஃபிஸ் எடுக்கிறவங்க ஃபைல் கூடுதலா சிங்களத்துல இருக்கும் எண்டத முதலே தெரிஞ்சுட்டுப் போங்க, பயந்து விட வேணாம், ரெண்டு பாசையும் ஓரளவு தெரிஞ்ச புள்ளைக்கு அங்க நல்ல மதிப்பு. மாரியையும் யோசிங்க. நவம்பர், டிசம்பர்ல களத்துக்குப் போற வேலையெல்லாம் நிண்டு போயிரும், கிரான் புலிபாய்ந்தகல் ரோட்டுக்கு மேலால தண்ணி போனா அந்தப் பக்கம் போறதெண்டா தோணிதான், ஒஃபிஸ்காரங்களும் வெள்ள நிவாரணத்துல நிப்பாங்க. அதையும் பாத்துட்டு உங்கட தலைப்ப எடுங்க.

மணித்தியாலக் கணக்க ஒருத்தரும் பாக்கிறதில்ல. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்புப்படி வகுப்புல படிக்கிற ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம், ஆனா தொழிற்பயிற்சிக்கு ஒரு கிரெடிட்டுக்கு ஆகக் குறைஞ்சது 100 மணித்தியாலம், மதிப்பீட்டுக்குப் போற நேரமும் அதுக்குள்ளதான். அப்ப 3 கிரெடிட் எண்டா 300 மணித்தியாலம், ஒரு நாளைக்கு 7 மணித்தியாலம் எண்டு வெச்சாலும் 43 நாள், கிழமைக்கு 5 நாள்படி 8 கிழமைக்கு மேல போகும், இதுக்குள்ள மாசம் ஒரு போயா லீவு வேற. உங்கட டிப்பார்ட்மென்ட் ஹேண்ட்புக்ல எத்தினை கிரெடிட், எத்தினை நாள், எத்தினை சதவீதம் வரவு எண்டு போட்டிருக்கும், அத வாசிக்காம "சீனியர் அக்கா சொன்னா" எண்டு போறவங்கதான் கடைசில நாள் காணாம ஓடித் திரியிறாங்க. வாய் வார்த்தைல சம்மதம் வாங்கிட்டு நாளைக்கே போய் வேலை தொடங்குறதும் இதே மாதிரித்தான். கடிதம் டிப்பார்ட்மென்ட் தலைவர் ஊடாக, பீடாதிபதி ஊடாக முறையாப் போகணும், கடிதத்துல இருக்கிற திகதிக்கு முதல் நீங்க போன நாளெல்லாம் கணக்குல வராம போகும்.

இனி லொக் புக், அதாவது ஒவ்வொரு நாளும் செஞ்ச வேலைய எழுதி வெக்கிற புத்தகம். இது எனக்கு ஆத்திரம் வாற விசயம். கடைசி நாள் பின்னேரம் ரெண்டு மாசத்துக்கும் சேர்த்து ஒரே பேனையால எழுதி "மிஸ் சைன் பண்ணுங்க" எண்டு நீட்டுவாங்க, திறந்து பாத்தா ஒவ்வொரு நாளும் "வழமையான அலுவலகப் பணிகளில் ஈடுபட்டேன்". இத வாசிச்சு ஒரு லெக்சரர் எப்படிப் புள்ளி போடுறது? எழுதுறதெண்டா இப்படி எழுதிப் பாருங்க: "இண்டைக்கு 14 விண்ணப்பம் வந்தது, 5ல அடையாள அட்டை இலக்கம் பிழை, ஃபோம்ல பழைய இலக்கத்துக்கும் புது இலக்கத்துக்கும் தனிப் பெட்டி இல்லாததாலதான் சனம் குழம்புது, மிஸ்ஸிட்ட சொன்னன்." மூண்டு வரிதான். ஆனா அதுல நீங்க என்ன கண்டீங்க, ஏன் அப்படி எண்டு யோசிச்சீங்க, என்ன செஞ்சீங்க எண்டு எல்லாம் வந்துட்டு. வீட்ட போற பஸ்ல ஃபோன்லயாவது குறிச்சு வைங்க, கிழமைல ஒரு தரம் சுப்பவைசர்ட்ட காட்டி சைன் எடுங்க, அவங்க ட்ரான்ஸ்ஃபர்ல போனாலும் உங்கட கையில அது இருக்கும்.

அடுத்தது சனத்தின்ட ரகசியம். இதுல மட்டும் ஒரு தரம் கூட பிழை விட ஏலாது. மகளிர் அபிவிருத்தி, சிறுவர் உரிமை, உளவளத்துணை பக்கம் இருக்கிற புள்ளைகள் புருசன் அடிச்ச கதை, புள்ளை பள்ளிக்கூடம் விட்ட கதை, கடன் கதை எல்லாம் கேப்பாங்க. எங்கட ஊர்கள்ல பேரச் சொல்லாட்டியும் "அந்த ரோட்டுல கடை வெச்சிருக்கிறவர்ட பொஞ்சாதி" எண்டா போதும், பின்னேரத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும், அடி வாங்கின அந்தப் பொம்புளை அடுத்த முறை உதவி கேட்டு அந்தப் படி ஏற மாட்டா. கூட்டாளிமார்ட வட்ஸ்அப் குரூப்லயும் கதைக்க வேணாம். நிவாரணப் பொதி வாங்குற அம்மாவ ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடுறது, புள்ளைகள்ட முகத்த ஸ்டேட்டஸ்ல வெக்கிறது, மேசைல செல்ஃபி எடுக்கக்குள்ள பின்னால பெயர்ப் பட்டியல் தெரியிறது, இதெல்லாம் நான் கண்ணால கண்டது. 2022ம் ஆண்டின் 9ம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, ஆனா சட்டத்துக்குப் பயந்து இல்ல, நம்பி வந்து கதைச்ச மனிசருக்காக வாய மூடி வைங்க. ரிப்போர்ட்ல ஒரு ஆள்ட கதை எழுதணும் எண்டா பேரையும் ஊரையும் மாத்தி, கேட்டு அனுமதி எடுத்து எழுதுங்க.

பொம்புளைப் புள்ளைகளுக்கு ஒரு விசயம். ஆராவது தப்பா நடந்தா, தப்பாக் கதைச்சா, இரவு மெசேஜ் போட்டு ஆக்கினை தந்தா, "புள்ளி குறைச்சிருவாங்க" எண்டு பொறுத்துட்டு இருக்காதீங்க. மெசேஜ அழிக்காம வெச்சு அண்டைக்கே உங்கட கெம்பஸ் சுப்பவைசர்ட்ட சொல்லுங்க, இடம் மாத்திக் கேக்கிறது உங்கட உரிமை. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக் கோவை 345ம் பிரிவுல குற்றம். 1938 எண்டு மகளிருக்கான உதவி இலக்கமும் இருக்கு.

ரிப்போர்ட்ட பத்தி சுருக்கமா சொல்றன். நிறுவனத்தின்ட தூரநோக்கு, செயற்பணி, வரலாறு, பதவிக் கட்டமைப்பு எண்டு வெப்சைட்ல இருந்து பத்துப் பதினஞ்சு பக்கம் எடுத்துப் போட்டுட்டு சொந்த வேலைக்கு ரெண்டு பக்கம் குடுக்கிறாங்க. அந்தக் கணக்கத் திருப்பிப் போடுங்க, சொந்த வேலைக்குக் கூடப் பக்கம் குடுங்க. லொக் புக் ஒழுங்கா எழுதின புள்ளைக்கு ரிப்போர்ட்ல பாதி ஏற்கனவே எழுதி முடிஞ்ச மாதிரி.

முடிச்சு வெளிய வாறதுக்கு முதல் சேர்விஸ் லெட்டர கையோட வாங்குங்க, பிறகு எடுக்கலாம் எண்டு விடாதீங்க. ஜனவரில இடமாற்றம் வந்தா உங்களத் தெரிஞ்ச ஆளே அங்க இருக்க மாட்டாங்க. கடிதத் தலைப்பு, இலக்கம், சீல், எந்தத் திகதில இருந்து எந்தத் திகதி வரைக்கும், எத்தினை மணித்தியாலம், என்னென்ன வேலை செஞ்சீங்க எண்டு வரணும், "திருப்திகரமாக இருந்தார்" எண்டு ஒரு வரி மட்டும் போட்டா "நான் செஞ்ச லிஸ்டையும் அந்த அறிவித்தலையும் சேர்த்துப் போடுங்க மிஸ்" எண்டு மரியாதையாக் கேளுங்க, ஆரும் கோவிக்க மாட்டாங்க. ரெண்டு கொப்பி எடுத்து ஒண்ட டிப்பார்ட்மென்ட்ல குடுங்க, மத்தத ஸ்கேன் பண்ணி உங்கட ஈமெயிலுக்கே அனுப்பி வைங்க, மாரி வெள்ளம் வீட்டுக்குள்ள வந்து சேர்ட்டிஃபிகேட் எல்லாம் நனைஞ்சு போய் மறுபடி எங்கட ஒஃபிஸுக்கு வந்து நிண்ட புள்ளைகளையும் நான் கண்டிருக்கன்.