ஸ்பீக்கர் வாங்கும் முன் பைப்பைப் பாருங்கள்

பாலக்கோட்டில் மச்சான் வீடு கட்டி, பெயிண்டும் அடித்தாகிவிட்டது. கீழே ஓர் அலமாரியில் செட்டாப் பாக்ஸும் ஆம்ப்ளிஃபயரும், ஹாலிலும் மாடியிலும் டிவி, சமையலறையிலும் போர்டிகோவிலும் ஸ்பீக்கர் என்பது திட்டம். படத்தையும் சத்தத்தையும் டிவிக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ ஒயரை விட்ட அன்று, அதன் தலை பைப் வளையும் முதல் பெண்டிலேயே சிக்கிக்கொண்டது. சுவருக்குள் இருந்தது முக்கால் இன்ச் பைப். ஒயரின் தலையோ கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் அகலம். பவுடர் தூவினோம், ஸ்பிரிங் விட்டு இழுத்தோம். கடைசியில் புதுப் பெயிண்ட் சுவரில் காடி வெட்ட வேண்டியதாயிற்று. அக்கா அன்று யாரிடமும் பேசவில்லை.

எந்தக் கம்பெனி ஸ்பீக்கர் என்று ஆறு மாதம் விசாரிக்கிறோம். பைப்பை மட்டும் எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். அவர் லைட், ஃபேன், பிளக் பாயிண்டுக்குத்தான் கணக்குப் போட்டிருப்பார். நாம் சொன்னால்தானே?

சென்ட்ரிங் அடித்து கம்பி கட்டும்போதே எந்த அறையில் என்ன வரும் என்பது முடிவாகியிருக்க வேண்டும். டிவி வரும் இடத்துக்கு ஒன்றேகால் இன்ச் பைப் தனியாகப் போடுங்கள். இரண்டு பெண்டுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வையுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வைத்தால், நாளைக்கு ஒயர் மாற்ற அதுவே போதும். சீலிங் ஸ்பீக்கருக்கு ஃபால்ஸ் சீலிங்கில் நாலைந்து அங்குல ஆழமாவது விடச் சொல்லுங்கள்.

சாதாரண எச்டிஎம்ஐ ஒயர் பத்து மீட்டரைத் தாண்டினால் 4கே படத்துக்கு நம்ப முடியாது. மாடிக்கு, உள்ளே கண்ணாடி இழை ஓடும் ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ நல்லது. ஆனால் அதற்குத் திசை உண்டு. செட்டாப் பாக்ஸ் பக்கம் எது, டிவி பக்கம் எது என்று தலையிலேயே எழுதியிருக்கும். பார்க்காமல் இழுத்தால் மறுபடி உருவ வேண்டியதுதான். கூடவே ஒரு கேட்-6 நெட்வொர்க் ஒயரையும் விட்டுவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், மாடியில் வைஃபை பெட்டி வைக்கவும் உதவும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை மேலே சரியாக வருவதில்லை.

கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இவற்றைத் திணிப்பது பெரிய தவறு. ஆபத்து ஒருபுறம், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் மறுபுறம். ஓர் அடி தள்ளிப் போடுங்கள். குறுக்கே போக வேண்டி வந்தால் நேர்குறுக்காக, கூட்டல் குறி போலப் போகட்டும்.

அப்புறம் இந்த ஓம் கணக்கு, அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. 8 ஓம் ஸ்பீக்கர் நான்கை ஒரே ஒயரில் பேரலலாக, பக்கம் பக்கமாகச் சேர்த்தால் மொத்தத் தடை 2 ஓமாகக் குறைந்துவிடும். வீட்டு ஆம்ப்ளிஃபயர் பலவும் அதைத் தாங்காமல் சூடாகி நின்றுவிடும். 'திருவிழாவுக்கு மைக் செட்காரர் ஒரே ஒயரில் ஊர் முழுக்கக் குழாய் கட்டுகிறாரே' என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான். அது 100 வோல்ட் லைன், ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வீட்டிலும் அப்படிச் செய்யலாம், ஆனால் அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வேண்டும். ஸ்பீக்கர் ஒயர் வாங்கும்போது கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், முழுச் செம்பு அல்ல.

நம் பக்கம் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. தரை, படி, டிவி சுவர் எல்லாம் கல்தான். பளபளப்பு சரி, சத்தம் எதிரொலிக்குமே! தடித்த திரைச்சீலை, விரிப்பு இரண்டுக்கும் இடம் வையுங்கள். ஒயர் வெளியே வரும் ஓட்டைகளைக் கல் ஒட்டும் முன்பே போட்டுவிடுங்கள்.

பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரிலும் பைப் போகும் இடத்தில் அளவு டேப்பைப் பிடித்தபடி போட்டோ எடுத்து வையுங்கள். மச்சான் வீட்டில் அப்படி எதுவும் இல்லை. டிவி சுவருக்குப் பின்னால் பாத்ரூம். காடி வெட்டும்போது தண்ணீர்ப் பைப்பையும் உடைத்தோம்.