நெகட்டிவ் வெறுமையாக வந்தால், லேபைத் திட்டுவதற்கு முன்

கழுவி வந்த ரோலில் ஒரு படம்கூட இல்லையா? முதலில் அதன் ஓரத்தைப் பாருங்கள். துளைகளை ஒட்டிக் கம்பெனி பெயரும் 1, 1ஏ, 2, 2ஏ என்று ஃபிரேம் எண்களும் பளிச்சென்று தெரிந்தால் லேபில் தவறில்லை. ஃபிலிம்தான் ஷட்டருக்குப் பின்னால் நகரவே இல்லை. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவாக இருந்தால் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்திருக்கலாம். அதில் வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை என்பதால் மூடி இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஓரமும் சேர்ந்து வெறுமையாக இருந்தால் கெமிக்கலில் கோளாறு, அல்லது அந்த ஃபிலிமுக்கு ஒவ்வாத முறையில் கழுவியிருக்கிறார்கள். ஓரம் உட்பட முழுக்கக் கருத்துப்போயிருந்தால், ரோலைத் திரும்பச் சுற்றுவதற்கு முன்பே யாரோ பின்கதவைத் திறந்திருக்கிறார்கள்.

இதில் எதையும் கேமரா அந்த நேரத்தில் சொல்லாது. ஷட்டர் சத்தம் வழக்கம்போலக் கேட்கும், லீவர் வழக்கம்போல நகரும். அதனால் பார்க்க வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

லோட் செய்வதில்தான் பாதி ரோல்கள் போகின்றன

பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, மினோல்டா எஸ்ஆர்டி போன்ற 35 மிமீ கேமராக்களில் வேலை ஒன்றுதான். ஃபிலிம் நாக்கை எதிர்ப்பக்க ஸ்பூலின் பிளவில் செருகி, மேல் கீழ் இரண்டு வரிசைத் துளைகளும் பல்சக்கரத்தில் உட்காரும்வரை லீவரைத் தள்ளுங்கள். மேல்வரிசை மட்டும் மாட்டிய நிலையிலேயே கதவை மூடுவதுதான் பலரும் செய்வது. இரண்டாவது தள்ளலிலேயே அது நழுவிவிடும். மூடியதும் இடப்பக்க ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறித் திசையில் மெதுவாகச் சுற்றித் தொய்வை எடுங்கள். லேசாக இறுகியதும் நிறுத்திவிடுங்கள். இனி லீவரைத் தள்ளும்போது கண் ரீவைண்ட் குமிழ் மேல் இருக்கட்டும். குமிழ் தானாகச் சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது. சுழலாவிட்டால், கவுன்ட்டர் என்ன எண் காட்டினாலும் ஃபிலிம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. கவுன்ட்டர் ஃபிலிமைப் பார்த்து எண்ணுவதில்லை, லீவரைப் பார்த்துத்தான் எண்ணுகிறது. 36 படம் போட்ட ரோல் 40ஐத் தாண்டியும் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

ரோல் முடியும்போது நேர்மாறான தவறு நடக்கும். லீவர் பாதியில் நின்றால் "இன்னும் ஒன்று வரும்" என்று அழுத்தக் கூடாது. துளைகள் கிழியும், அல்லது நுனி கேசட்டிலிருந்தே பிய்ந்து வந்துவிடும். பிறகு அதை இருட்டறையில்தான் எடுக்க முடியும். அடிப்பக்கத்தில் இருக்கும் சிறிய பட்டனை அமுக்கிவிட்டுத்தான் ரீவைண்ட் செய்ய வேண்டும். அதை மறந்து பலங்கொண்டு சுற்றினாலும் கிழியும். ஓரிடத்தில் இறுக்கம் சட்டென்று விடுவது கையில் தெரியும். அதற்கு மேலும் சில சுற்று சுற்றி நாக்கை முழுக்க உள்ளே இழுத்துவிடுங்கள். நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எடுத்த ரோல், புதிய ரோல் மாதிரியே இருக்கும். அதையே மறுபடி லோட் செய்து கல்யாணத்தின் மேல் சுற்றுலாவை எடுத்தவர்கள் உண்டு.

சோவியத் கேமராக்களுக்கு இன்னொரு விதி. ஜோர்கி-4, ஃபெட் வகைகளில் லீவரையோ குமிழையோ சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் டயலைத் திருப்பினால் உள்ளே இருக்கும் அமைப்பு சேதமாகலாம். பழைய கேமராவை யார் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த டயலைத்தான் என்பது தனிக்கதை.

மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் கருவி) பொய் சொல்வது பேட்டரியால்

கேனனெட் கியூஎல்17, ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி 101 எல்லாம் பிஎக்ஸ்625 என்ற பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. அதன் அழுத்தம் 1.35 வோல்ட், கடைசிவரை அப்படியே நிற்கும். பாதரசம் விஷம் என்பதால் அது சந்தையிலிருந்து போய்விட்டது. இப்போது அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். அதைப் போட்டால் முள் ஆடும், மீட்டர் வேலை செய்வதாகவே தோன்றும். ஆனால் இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் கணக்குப் போட்டுப் படங்களை இருட்டாக்கும். பேட்டரி தீரத் தீர அழுத்தமும் சரிவதால் பிழை ரோலுக்கு ரோல் மாறும். அதனால் ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) டயலை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் அளவு, நகர்த்தி ஈடுகட்டலாம் என்ற யோசனையும் நிலைக்காது.

மலிவான வழி, காது கேட்கும் கருவிக் கடைகளில் கிடைக்கும் 675 அளவு ஜிங்க்-ஏர் பேட்டரி. சுமார் 1.4 வோல்ட், ஒட்டியிருக்கும் தாளை உரித்துச் சில நிமிடம் காற்றில் வைத்த பிறகு போட வேண்டும். குறுக்களவு சிறியது என்பதால் ஒரு ரப்பர் வளையம் தேவைப்படும். உரித்த பிறகு வெட்டியாக வைத்திருந்தாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். நிரந்தர வழி வேண்டுமென்றால், சில்வர் ஆக்சைடு செல்லின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் அடாப்டர் உண்டு.

எல்லாப் பழைய கேமராவுக்கும் இந்தத் தலைவலி இல்லை. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கின் மீட்டர் சர்க்யூட் அழுத்த வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. கே1000க்கு எல்ஆர்44 அல்லது எஸ்ஆர்44 போதும். ஆனால் மீட்டரை அணைக்கும் சுவிட்சே கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு வைப்பதுதான் சுவிட்ச். யாஷிகா எலெக்ட்ரோ 35இல் பேட்டரி செத்தாலும் ஷட்டர் அடிக்கும், ஆனால் எப்போதும் 1/500 நொடியில். மாலை நேரத்து ரோல் முழுக்க இருட்டாக வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ஒலிம்பஸ் டிரிப் 35க்கு பேட்டரியே வேண்டாம், லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் செல்தான் மீட்டர். வாங்கும்போது அதைக் கையால் மூடி பட்டனை அமுக்குங்கள்: சிவப்புக் கொடி எழுந்து ஷட்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பினால் கொடி வராமல் ஷட்டர் அடிக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் யோசித்து வாங்குங்கள்.

ஃபிலிம் தேர்வு: கேமராவைப் பார்த்துத்தான்

அறுபதுகளில் செய்த ஷட்டர் 1/1000 என்று காட்டினால் உண்மையில் அது 1/500க்குப் பக்கத்தில் இருக்கலாம். எண்ணெய் காய்ந்திருந்தால் மெதுவான வேகங்கள் இன்னும் இழுக்கும். கலர் நெகட்டிவ் இதை மன்னிக்கும். கோடக் கோல்ட் 200, போர்ட்ரா 400 இரண்டும் ஒரு ஸ்டாப் அதிக வெளிச்சத்தைப் பொருட்படுத்தாது, பலர் வேண்டுமென்றே அப்படி எடுக்கிறார்கள். வெளிச்சம் குறைந்தால்தான் தொல்லை: நிழல் பகுதிகள் சேறு படிந்த மாதிரி மங்கி, பொரிப்பொரியாகத் தெரியும். நெகட்டிவாக இல்லாமல் நேரடிப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிம் நேரெதிர். எக்டாக்ரோம் இ100, வெல்வியா 50 போன்றவை அரை ஸ்டாப் கூடினாலே வெளிச்சப் பகுதிகளை இழந்துவிடும். எனவே நெகட்டிவில் சந்தேகம் வந்தால் நிழலுக்கு மீட்டர் பாருங்கள், ஸ்லைடில் வெளிச்சப் பகுதிக்குப் பாருங்கள். சோதிக்காத கேமராவில் முதல் ரோலாக ஸ்லைடு போடுவது காசைக் கரியாக்கும் வேலை. கையில் இருப்பதிலேயே மலிவான நெகட்டிவைப் போட்டு, ஒவ்வொரு வேகத்திலும் ஒன்றிரண்டு எடுத்துப் பாருங்கள்.

நம் ஊர் வீடுகளில் இன்னும் பரணில் இருக்கும் ஆக்ஃபா கிளிக் III தனி ரகம். கேசட் இல்லாமல் தாளோடு சேர்த்துச் சுற்றிய, அகலமான 120 ரோல், 6க்கு 6 சென்டிமீட்டரில் 12 படம். சுமார் 1/30 என்று ஒரே வேகம்தான், லென்ஸ் துளையும் பெரிதாகச் சுருங்காது. நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 400 போட்டால் பல ஸ்டாப் கூடுதலாகப் போகும், 100தான் பொருத்தம். பின்பக்கச் சிவப்பு ஜன்னலை எண் பார்க்கும் நேரம் தவிரக் கருப்பு டேப்பால் மூடி வையுங்கள். இன்றைய ஃபிலிம்கள் சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும். 120 ரோலை முடித்து எடுக்கும்போது ஸ்பூலை விரலால் இறுக்கிப் பிடித்து, தாளை மடித்து ஒட்டுங்கள். தளர்ந்து குண்டாகிப்போன ரோலில் ஓரம் வழியாக வெளிச்சம் புகும்.

காலாவதியான ஃபிலிமுக்கு "பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டு" என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நம் ஊர்ப் பரண் வெயிலில் வெந்த ரோலுக்கு அது எடுபடாது. ஊட்டியின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த இந்து கருப்பு வெள்ளை ரோல் எங்காவது கிடைத்தால் ஆசைக்குச் சுடலாம், முக்கியமான நிகழ்ச்சிக்கு வேண்டாம். கோடக்ரோம் என்ற பழைய கலர் ஸ்லைடு ரோல் கிடைத்தால் அதுவும் வேண்டாம். அதற்கான கே-14 முறையில் கழுவிய கடைசி லேப், அமெரிக்காவின் கான்சஸில் இருந்தது, 2010 டிசம்பர் 30க்குப் பிறகு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. இன்று அதைக் கழுவினால் கருப்பு வெள்ளையாக மட்டுமே ஏதாவது தேறும்.

கொடுக்கும்போது சொல்லிக் கொடுங்கள்

கருப்பு வெள்ளை என்றால் எல்லாம் ஒன்றல்ல. இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர், கலர் நெகட்டிவ் மாதிரியே சி-41 முறையில் கழுவ வேண்டியது. எச்பி5 பிளஸ், டிரை-எக்ஸ் வழக்கமான கருப்பு வெள்ளை. எச்பி5ஐத் தவறி சி-41 மெஷினில் விட்டால் அங்குள்ள பிளீச்சும் ஃபிக்ஸரும் வெள்ளி முழுவதையும் கரைத்துவிடும்; ஓர எண்கள்கூட மிஞ்சாது. ஓரம் வெறுமையாக வந்த ரோல் பல நேரம் இந்தக் கதைதான்.

சினிமா ஃபிலிமை வெட்டிக் கேசட்டில் சுற்றி விற்பதும் உண்டு. ரெம்ஜெட் என்ற கரும்பூச்சு உள்ள ரோலை சாதாரண மினிலேபில் கொடுத்தால், பூச்சு உரிந்து கெமிக்கலில் கலந்து அடுத்தவர் ரோலையும் கெடுக்கும். ஈசிஎன்-2 (சினிமா ஃபிலிமைக் கழுவும் முறை) என்று எழுதி, அதைச் செய்யும் லேபிடம் மட்டுமே கொடுங்கள். சினிஸ்டில் 800டியில் அந்தப் பூச்சு முன்கூட்டியே நீக்கப்பட்டிருக்கும், அதனால்தான் இரவு விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுகிறது. அது மஞ்சள் விளக்கொளிக்கான ஃபிலிம். பகலில் 85 ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் நீலம் ஏறும்.

புஷ் செய்வதென்றால், அதாவது ஃபிலிமின் ஐஎஸ்ஓவைவிட அதிகமாக வைத்து எடுத்துவிட்டுக் கூடுதல் நேரம் கழுவுவதென்றால், முழு ரோலுக்கும் சேர்த்துத்தான். பாதி 400இலும் பாதி 1600இலும் எடுத்தால் ஏதோ ஒரு பாதி போச்சு. எச்பி5 1600 வரை நன்றாகவே தாங்கும், ஆனால் "400 ரோல், 1600இல் எடுத்தது, 2 ஸ்டாப் புஷ்" என்று கேசட்டிலேயே எழுதாவிட்டால் லேப் 400க்கே கழுவும். பான் எஃப் பிளஸ் 50 ஃபிலிமில் எடுத்தால் டப்பாவில் தூங்க விடாதீர்கள். எடுத்த படம் கழுவாமல் கிடந்தால் மங்கத் தொடங்கும், மூன்று மாதத்துக்குள் கழுவுவது நல்லது.

விமானப் பயணத்தில் செக்-இன் பெட்டியில் ஃபிலிம் வைக்கவே கூடாது; அங்கே ஸ்கேனர் பலமானது. கைப்பையிலும் பழைய எக்ஸ்ரே மெஷினுக்குத்தான் "800க்குக் கீழே பயமில்லை" என்பது பொருந்தும். புதிய சிடி ஸ்கேனர் எந்த ஐஎஸ்ஓவையும் மூட்டமாக்கலாம். ரோல்களைக் கேசட் டப்பாவிலிருந்து எடுத்து ஒளிபுகும் ஜிப் பையில் போட்டு, வரிசையில் நிற்கும்போதே கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேமராவுக்குள் பாதி எடுத்த ரோல் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்கதவைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.