பெட் ஷாப் பாய்ஸின் பி பக்கம்: பேசும்போது சறுக்கும் இடங்கள்

என்னிடம் இன்னும் ஒரு டிடிகே 90 கேசட் இருக்கிறது. 1991-இல் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியது. துண்டுச்சீட்டில் பாட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் நாலைந்து நாளில் கேசட் கைக்கு வரும். கேட்ட பாட்டு இல்லையென்றால் கடைக்காரரே வேறொன்றைப் போட்டு இடத்தை நிரப்பிவிடுவார். அப்படி நிரப்பிய ஒரு பாட்டுக்கு உள்ளட்டையில் பச்சை மையில் ‘பெட் ஷாப் பாய்ஸ் - கெட்டிங் அவே வித் இட்’ என்று எழுதியிருந்தார். அந்தப் பச்சை மையை நம்பி ஒன்பது வருஷம் வாதாடியிருக்கிறேன். பாளையங்கோட்டையில் எதிர்த்துப் பேச ஆள் இல்லாததால் ஜெயித்தும் இருக்கிறேன்.

பெட் ஷாப் பாய்ஸ் என்பது நீல் டென்னன்ட் பாட, கிறிஸ் லோ கீபோர்டு வாசிக்கும் இங்கிலாந்து இரட்டையர் குழு. அது அவர்கள் பாட்டே இல்லை. எலக்ட்ரானிக் என்ற குழுவின் முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டு வட்டு, 1989 டிசம்பரில் வந்தது. நியூ ஆர்டரின் பெர்னார்ட் சம்னரும் த ஸ்மித்ஸில் கிட்டார் வாசித்த ஜானி மாரும் தொடங்கிய குழு. நீல் டென்னன்ட் அந்தப் பாட்டை எழுதுவதில் கூட இருந்தார், பின்குரலும் கொடுத்தார். முன்னால் பாடுவது சம்னர். கிறிஸ் லோ அதில் கிடையாது. 1992-இல் இதே குழு ‘டிஸப்பாயின்டட்’ பாட்டை வெளியிட்டபோது டென்னன்ட்டே முன்னால் வந்து பாடியதில் குழப்பம் இன்னும் முற்றிவிட்டது. டென்னன்ட், லோ இருவருமே எலக்ட்ரானிக்கோடு சேர்ந்த பாட்டு ஒன்று உண்டு. 1991 ஆல்பத்தில் வந்த ‘த பேஷன்ஸ் ஆஃப் எ செயின்ட்’ அது. ஒரே குழுவின் மூன்று பாட்டு, மூன்று விதமான பங்கு. குரல் காதில் விழுந்ததும் ‘இது அவங்க பாட்டு’ என்று அடித்துச் சொல்வதுதான் இந்த விஷயத்தில் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 1925-ஆம் வருஷத்து மௌனப்படமான ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ படத்துக்கு இருவரும் முழுநீள இசை அமைத்தார்கள். 2004 செப்டம்பரில் லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் திரை கட்டிப் படத்தை ஓட்டி, டிரெஸ்ட்னர் சின்ஃபோனிக்கர் இசைக்குழுவோடு நேரடியாக வாசித்தார்கள். அடுத்த வருஷம் அது வட்டாக வந்தபோது உறையில் போட்ட பெயர் டென்னன்ட் / லோ. பெட் ஷாப் பாய்ஸ் என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடிவிட்டு ‘அப்படி ஒண்ணு வரவே இல்லவே’ என்று என் நண்பர் ஒருவர் சாதித்தார். வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர், அவரிடம் சாதிப்பது லேசில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் முருகன்குறிச்சியில் ஒரு டீக்கடையில் கூடுகிறவர்கள் நாங்கள் நாலு பேர். நான், இந்த வங்கிக்காரர், மொபைல் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, எப்போதாவது வரும் என் அண்ணன் மகள். அங்கே விழுந்த வாதங்களில் இருந்துதான் இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை: டென்னன்ட்டும் லோவும் 1981-இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ஒரு கடையில் அறிமுகமானவர்கள். டென்னன்ட் பிறகு ஸ்மாஷ் ஹிட்ஸ் என்ற பாட்டுப் பத்திரிகையில் வேலை பார்த்தார். லோ கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தவர். இருவரும் நாய்க்குட்டி விற்றதில்லை. ஈலிங்கில் செல்லப்பிராணிக் கடையில் வேலை பார்த்த நண்பர்களை வைத்து வந்த பெயர் அது.

அடுத்த தப்பை எங்கள் தலைமுறைக்காரர்கள்தான் அதிகம் செய்கிறோம். பி பக்கம், அதாவது சிங்கிள் வட்டின் மறுபக்கத்துப் பாட்டு என்றால் மிச்சம் மீதி என்று நினைப்பது. நம் சினிமா கேசட் பழக்கம் அப்படி. படத்தில் வராமல் கேசட்டில் மட்டும் தங்கிவிட்ட பாட்டு என்றால், இயக்குநர் கழித்துக்கட்டியது என்று நமக்குத் தெரியும். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டால் தப்பாகிவிடும். இவர்கள் சிங்கிளின் மறுபக்கத்துக்கென்று புதுசாகவே பாட்டு எழுதியவர்கள். மறுபக்கத்தை அதே பாட்டின் வாத்திய வடிவத்தால் நிரப்பிவிட்டுப் போனவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். இவர்களுடைய பி பக்கங்களை 1995-இல் ‘ஆல்டர்னேட்டிவ்’ என்று இரண்டு வட்டாகத் தொகுத்தபோது 30 பாட்டு தேறியது. 2012-இல் வந்த ‘ஃபார்மட்’ தொகுப்பில் இன்னும் 38. மிச்சம் மீதியில் இத்தனை வராது.

ஒன்றை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1985-இல் ‘ஆப்பர்ச்சூனிட்டீஸ்’ முதல் தடவை வந்தபோது அதன் முதுகில் ‘இன் த நைட்’ என்று ஒரு பாட்டு இருந்தது. ஜெர்மானியப் பிடியில் இருந்த பாரிஸில் ஸாஸூ என்று அழைக்கப்பட்ட இளவட்டங்களைப் பற்றியது. முடியை நீளமாக வளர்த்துக்கொண்டு, தொளதொளத்த நீளக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஜாஸ் கேட்டுத் திரிந்த கூட்டம். நாஜிகளுக்கு இவர்களைப் பிடிக்காது. எதிர்த்துப் போராடியவர்களுக்கும் இவர்களைப் பிடிக்காது. எந்தப் பக்கமும் சேராமல் உடுப்பும் பாட்டுமே கதி என்று இருந்தவனைப் பார்த்து, நீ என்னப்பா செய்யப்போகிறாய் என்று பாட்டு கேட்கிறது. நடன இசையில், ஐந்து நிமிஷத்துக்குள். இந்தப் பொருளை ஏ பக்கத்தில் வைத்து வானொலிக்கு அனுப்பியிருந்தால் யார் போட்டிருப்பார்கள்? பி பக்கத்தில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், அதனால் எழுத முடிந்தது என்பது என் கட்சி. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாட்டின் மறுகலவை (ரீமிக்ஸ்) ஒன்று பிபிசியில் உடையலங்கார நிகழ்ச்சியான ‘த க்ளோத்ஸ் ஷோ’வுக்கு முகப்பு இசையாகிப் பல வருஷம் ஓடியது. பாதி பிரிட்டனுக்கு மெட்டு மனப்பாடம், அது எந்தப் பாட்டு என்று கேட்டால் முழிப்பார்கள்.

கிறிஸ் லோ பற்றிய தப்புக்கு வருகிறேன். மேடையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, அசையாமல், சிரிக்காமல், கீபோர்டுக்குப் பின்னால் நிற்பவர். மொபைல் கடைத் தம்பி ஒருநாள், “அண்ணாச்சி, அந்தாளு சும்மா நிக்கதுக்கா சம்பளம் வாங்குதாரு?” என்றான். நம் ஊரில் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் இப்படிக் கேட்கலாமா? வில்லில் வீசுகோலைத் தட்டிக் கதை சொல்கிற அண்ணாவியைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து குடத்தின் வாயில் அடித்துக்கொண்டு ‘ஆமா’ போடுகிறவர் ஒரு தாளம் தப்பவிட்டால் அண்ணாவி கதை அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிடும். பாட்டை எழுதியவர்கள் என்று வட்டில் போடும் இடத்திலும் பெரும்பாலும் டென்னன்ட், லோ இருவர் பெயரும் சேர்ந்தேதான் வரும்.

போகட்டும், லோ பாடவே மாட்டார் என்பதும் தப்பு. அவர் குரல் இருப்பது பி பக்கத்தில். 1986-இல் ‘சபர்பியா’வின் மறுபக்கம் வந்த ‘பானினாரோ’வில் பெரும்பாலும் அவர் குரல்தான். மிலான் நகரத்தில் ரொட்டிக் கடை வாசலில், நல்ல கம்பெனி உடுப்பு போட்டுக்கொண்டு நின்ற பையன்களின் பெயர் அது. பாட்டின் நடுவே லோ ஒரு பேட்டியில் சொன்னதை வெட்டி ஒட்டியிருப்பார்கள்: இந்த இசை பிடிக்காது, அந்த இசை பிடிக்காது, பெரும்பாலும் எதுவுமே பிடிக்காது, பிடித்தால் மட்டும் உயிராகப் பிடிக்கும் என்று. எங்கள் வங்கிக்காரரைச் சொல்வது மாதிரியே இருக்கும். 1990-இல் ‘பீயிங் போரிங்’ சிங்கிளின் மறுபக்கத்திலும் லோ குரல் உண்டு. ஏ பக்கம் மட்டும் கேட்டுவிட்டு லோவைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர், குடக்காரர் பக்கம் காதைத் திருப்பாமலே கொடை பார்த்துவிட்டு வந்தவர்.

யார் முதலில் பாடியது என்பதிலும் அடிக்கடி தலைகீழாகிவிடும். ‘ஐம் நாட் ஸ்கேர்ட்’ பாட்டை இருவரும் எய்ட்த் ஒண்டர் என்ற வேறொரு பாப் குழுவுக்காக எழுதித் தயாரித்தார்கள், 1988 தொடக்கத்தில் வந்தது. இவர்களே பாடியது அதே வருஷக் கடைசியில் ‘இன்ட்ரோஸ்பெக்டிவ்’ ஆல்பத்தில். ஆகவே எய்ட்த் ஒண்டர் காப்பியடித்தது என்று சொல்லக்கூடாது. அமெரிக்கப் பாடகி லைஸா மினெல்லிக்கு இவர்கள் தயாரித்துக் கொடுத்த 1989 ஆல்பமான ‘ரிஸல்ட்ஸ்’ஸில் பெயர் வாங்கிய ‘லூஸிங் மை மைண்ட்’ இவர்கள் எழுதியதும் இல்லை. ஸ்டீஃபன் சோந்தைம் 1971-இல் ஒரு மேடை நாடகத்துக்கு எழுதியது.

இன்னொரு தப்பு எங்கள் கூட்டமே செய்தது. அண்ணன் மகள், “எங்க இருந்து ஆரம்பிக்க?” என்று கேட்டாள். வங்கிக்காரர் அன்று ராத்திரியே அந்த இரண்டு தொகுப்பின் 68 பாட்டையும் வரிசை எண் போட்டு அனுப்பிவிட்டார். இரண்டு மாசம் அவள் டீக்கடைப் பக்கமே வரவில்லை.

ஒரு பாட்டைத் தனியாகப் பிய்த்து எடுத்துப் பேசுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘பீயிங் போரிங்’ எல்லோருக்கும் தெரியும். இளவயசு விருந்துகளில் தொடங்கி, ஊரைவிட்டு ரயிலேறிப் போய், கடைசியில் அன்றைக்கு இருந்தவர்களில் சிலர் இன்றைக்கு இல்லை என்று முடியும். டென்னன்ட்டின் நியூகாசில் நாட்களில் இருந்தே நண்பராக இருந்து, எய்ட்ஸில் இறந்துபோன ஒருவரை நினைத்து எழுதியது. ஆனால் அந்த நண்பரைச் சுற்றி எழுதிய மூன்று பாட்டில் அது மூன்றாவது. முதலாவது 1987-இல் ‘ஆக்சுவலி’ ஆல்பத்தில் வந்த ‘இட் குடின்ட் ஹேப்பன் ஹியர்’. இத்தாலியத் திரையிசை அமைப்பாளர் எனியோ மோரிக்கோனேயும் சேர்ந்து எழுதிய மெட்டு. அந்த நோய் இங்கேயெல்லாம் வராது என்று பேசிக்கொண்டிருந்தது பொய்த்துப்போன கதை. அடுத்த வருஷம் இதே தலைப்பில் அவர்கள் நடித்த படம் வந்தது. படத்தையும் பாட்டையும் போட்டுக் குழப்புவது தனித் தப்பு. நடுவில் இருக்கிற பாட்டுத்தான் பி பக்கம்: 1989-இல் ‘இட்ஸ் ஆல்ரைட்’டின் மறுபக்கம் வந்த ‘யுவர் ஃபன்னி அங்கிள்’. அந்த நண்பரின் அடக்கம்தான் பாட்டு. கிட்டத்தட்ட பியானோ மட்டும். கார்கள் வரிசையாக வருகின்றன. ராணுவ மிடுக்கோடு ஒரு பெரியவர் இறந்தவனின் நண்பர்களைப் பார்த்தபடி நிற்கிறார்.

இதை ஒருநாள் வீட்டில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன பாட்டு என்றாள், சொன்னேன். “அங்கிள்னா யாரு? மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா?” என்று கேட்டாள். இங்கிலீஷ்காரன் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டான், எனக்குப் பதில் இல்லை. கடைசி வரிகள் வந்தபோது தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். இனி வேதனை இல்லை, பயம் இல்லை, துக்கம் இல்லை, சாவு இல்லை என்று நான் முடிப்பதற்குள் கீரையைக் கீழே வைத்துவிட்டு அத்தை முடித்தாள்: “முந்தினவைகள் ஒழிந்துபோயின. ஏய்யா, இது வெளிப்படுத்தின விசேஷம் இருபத்தொண்ணுல்லா! நம்ம அடக்க ஆராதனையில வாசிக்கதுல்லா!”

இருபது வருஷமாக அந்தப் பாட்டைக் கேட்கிறேன். பாளையங்கோட்டையில் எத்தனை அடக்கத்துக்குப் போயிருக்கிறேன், அந்த வசனத்தை எத்தனை தடவை காதால் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தட்டவில்லை. நண்பனின் அடக்கத்தில் டென்னன்ட் வாசித்த வேதப்பகுதி அதுதான். மூன்று பாட்டையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். நடுவில் இருப்பதை விட்டுவிட்டு ‘பீயிங் போரிங்’ பற்றிப் பேசுவது, அடக்கத்துக்குப் போகாமல் நேராக வருஷ நினைவுக்குப் போய் உட்கார்வது மாதிரி.

இந்த மூன்றும் தெரிந்த பிறகு இன்னொரு தப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். எல்லாப் பாட்டுக்கும் அடியில் ஒரு சாவு, ஒரு ரகசியம் இருக்கிறது என்று தோண்டத் தொடங்குவோம். வங்கிக்காரருக்கு இந்தக் காய்ச்சல் ரொம்ப நாள் இருந்தது. 1987-இல் ‘ரென்ட்’டின் மறுபக்கம் வந்த ‘ஐ வான்ட் எ டாக்’ பாட்டை எடுத்துக்கொண்டு, நாய் என்பது எதன் குறியீடு என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார். அதே பாட்டை டிஜே ஃப்ராங்கி நக்கிள்ஸ் மறுகலவை செய்து ‘இன்ட்ரோஸ்பெக்டிவ்’ ஆல்பத்தில் வந்த வடிவத்துக்கும் பழையதற்கும் நடுவில் உள்ள பியானோ வித்தியாசத்தில் இருந்துகூட ஏதோ தத்துவம் எடுத்தார்.

தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், சின்ன வீடு, வேலை முடிஞ்சு வந்தா குரைக்க ஒரு ஆள் வேணும், பூனை வேண்டாம், சிவாவா நாய் வேணும்னு பாடுதாரு. அவ்வளவுதானே சார்?” என்றான்.

வங்கிக்காரர் கொஞ்ச நேரம் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “சிவாவா எதுக்குவே, சிப்பிப்பாறைல நல்ல குட்டி கெடைக்குமே” என்றார்.