ஓடும்போதே அணைந்துவிடும் பழைய கார்: குறையைக் கண்டுபிடிக்கும் செய்முறை

சூடேறியபின் எப்போதாவது ஒருமுறை இன்ஜின் அணைந்து, சற்று நேரம் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடவாததுபோல் ஓடத் தொடங்கும் பழைய காரைப் பட்டறைக்குக் கொண்டுபோவதால் பெரும்பாலும் பயனிருக்காது. அங்கே போய் நின்றதும் அது சமர்த்தாக ஓடும். ஃபோர்மனும் அனுபவத்தை வைத்து ஊகித்து, பிளக், ஃபில்டர், பம்பு என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவார். இன்ஜின் அணையும் அந்தச் சில விநாடிகளில் எது நின்றுபோனது என்பதைக் காரே காட்டும்படி செய்துவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை. கோலாலம்பூர் வெயிலிலும் நெரிசலிலும் என் காரில் இந்தக் குறையைப் பிடித்த முறை இது. 1990களின் இன்ஜெக்‌ஷன் வகை (கார்புரேட்டர் இல்லாத) மேனுவல் கார்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து இறுக்குவது, பிளக் ஒயர்களைப் பார்ப்பது போன்றவற்றை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள் என்று கொள்கிறேன். காரின் கம்ப்யூட்டரிலிருந்து குறைகளைப் படிக்கும் ஸ்கேனர் வாங்க அவசரப்பட வேண்டாம்: அதைச் செருகுவதற்கான, அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி2 இணைப்பு நம் ஊரின் அக்காலக் கார்கள் பலவற்றில் கிடையாது.

முதல் படி, இன்ஜின் அணையும் விதத்தைக் கவனிப்பது. சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். இருமி, இழுவை குறைந்து, தயங்கித் தயங்கி நின்றால் பெட்ரோல் வரத்தைச் சந்தேகிக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போதும் ஏர்கோன் கம்ப்ரெசர் இயங்கத் தொடங்கும்போதும் மட்டுமே அணைந்தால் காற்றின் பக்கம் பாருங்கள். இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் படிந்த கரி, ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜினை ஓடவைக்கும் ஐடில் வால்வு, வெடித்த வேக்குவம் குழாய் ஆகியவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும், அதற்கு இந்தக் கட்டுரையின் மற்ற பகுதி தேவைப்படாது.

இரண்டாவது படி, இரண்டு சிறிய பல்புகளை டேஷ்போர்டுக்குக் கொண்டுவருவது. நம்பர் பிளேட் விளக்கில் போடும் 5 வாட் பல்பே போதும். எல்இடியை நான் விரும்புவதில்லை. மின்னழுத்தம் குறையும்போது இழைப் பல்பு மங்குவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், எல்இடியில் அவ்வளவு தெரியாது. மல்டிமீட்டரும் இந்த வேலைக்கு இரண்டாம் பட்சம்தான், ஏனெனில் வண்டி ஓட்டும்போது எண்களைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. பேட்டரியின் எதிர்மின் (–) முனையைக் கழற்றிவிட்டு, பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலுக்கு 12 வோல்ட் வரும் ஒயரிலிருந்து ஒரு பல்புக்கும், பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் போகும் ஒயரிலிருந்து மற்றொரு பல்புக்கும் கிளை எடுங்கள். பம்பின் ஒயரைப் பல கார்களில் பின் இருக்கைக்கு அடியில் எட்டிவிடலாம். கிளை பிரியும் இடத்திலேயே ஒவ்வொன்றுக்கும் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, மறுமுனையைக் காரின் உடலில் எர்த் செய்யுங்கள். காரின் கம்ப்யூட்டருக்குப் போகும் சிக்னல் ஒயர் எதிலும் இந்தப் பல்பை இணைக்கக் கூடாது. அந்தச் சுமையை அது தாங்காது.

பிறகு காரை நண்பகல் வெயிலில் நிறுத்திவைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். செந்தூல் பக்கத்துக் குடியிருப்புச் சாலைகளைப் போன்ற மெதுவான சாலைகளே இதற்குப் போதும். காராக் நெடுஞ்சாலையிலோ கூட்டரசு நெடுஞ்சாலையிலோ சோதித்துப் பார்க்க வேண்டாம். இன்ஜின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வேக்குவம் ஓரிரு அழுத்தங்களுக்கு மட்டுமே உதவும், சாவியைப் பூட்டும் நிலைக்குத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பல்புகளையும், இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளையும் பக்கத்தில் உட்காருபவர் கவனிக்கட்டும், அல்லது தொலைபேசியைப் பொருத்தி அவற்றைப் படம்பிடியுங்கள்.

இன்ஜின் அணையும்போது உடனே கிளட்சை மிதிக்காதீர்கள். கியரில் இருக்கும்வரை சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும், அந்தச் சில விநாடிகள்தான் நமக்கு வேண்டியவை. இரண்டு பல்புகளும் ஒன்றாக அணைந்தால் இரண்டுக்கும் பொதுவான வழியில், அதாவது சாவி ஸ்விட்சிலோ பிரதான ஃபியூசிலோ பிரதான ரிலேயிலோ (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) குறை இருக்கிறது. காயில் பல்பு எரிந்துகொண்டிருக்க, ஆர்பிஎம் முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் இன்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரையோ, காயிலை இயக்கும் இக்னைட்டரையோ பாருங்கள். அப்போது பம்பு பல்பும் ஒரு நொடி கழித்து அணையலாம். இன்ஜின் சுழலவில்லை என்று கருதி கம்ப்யூட்டரே பம்பை நிறுத்திவிடுகிறது, ஆகவே பம்பைக் குற்றம் சொல்லாதீர்கள். முள் வேகத்துக்கு ஏற்ப மெல்ல இறங்கிக்கொண்டிருக்க, பம்பு பல்பு மட்டும் அணைந்தால் குறை பம்பு ரிலேயிலோ அதன் ஒயரிலோதான். இரண்டும் எரிந்தும் இன்ஜின் இருமினால் பம்பு மோட்டாரும் ஃபில்டரும் மிஞ்சுகின்றன.

என் காரில் பம்பு பல்புதான் அணைந்தது. என்னை அதிக நேரம் திணறடித்த கட்டம் இதற்குப் பின்புதான் வந்தது, ஏனெனில் சாவியைத் திருப்பும்போதெல்லாம் ரிலே தெளிவாக 'டிக்' என்று ஒலித்தது. அந்த ஓசை ரிலேக்குள் இருக்கும் காந்தச் சுருள் வேலை செய்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பம்புக்கான மின்சாரம் செல்வதோ முற்றிலும் வேறு இரண்டு கால்களின் வழியாக. அந்தக் கால்கள் சர்க்கியூட் பலகையில் பற்றவைக்கப்பட்ட இடத்தில், பல ஆண்டுச் சூட்டிலும் அதிர்விலும் முடியளவு வட்ட விரிசல் விழுந்துவிடுகிறது. பலகை சூடேறி விரியும்போது தொடர்பு விட்டுப்போகும்; ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் கார் சமர்த்தாக ஓடுவதற்குக் காரணம் இதுவே.

இதை உறுதிசெய்ய, பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ரிலேயின் அந்த இரண்டு கால்களுக்கிடையே வையுங்கள். சில ரிலேக்களில் அவற்றுக்கு 30, 87 என்று எண் இருக்கும். நல்ல ரிலேயில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. முடி உலர்த்தும் கருவியால் ரிலேயைச் சூடாக்கும்போது அது 1 வோல்ட்டை நோக்கி ஏறினால் வேறு சான்று வேண்டியதில்லை. மூடியைக் கழற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் விரிசலைப் பார்த்து, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்கலாம். பழைய ஈயத்தின் மேலேயே சூடுவைத்துவிட்டு விடுவதை நான் ஏற்பதில்லை, விரிசல் திரும்பும். பற்றவைக்கத் தெரியாதவர்கள் புதிய ரிலேயே வாங்குவது நல்லது, பழைய கார்களின் உதிரிபாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் எடுக்கும் பழைய ரிலேக்கும் அதே வயதுதான்.

பின்சேர்க்கை: இந்த முறையைப் பின்பற்றிய ஒருவரின் காரில் ரிலே நன்றாக இருந்தும் பம்பு பல்பு அணைந்தது. முன்னைய உரிமையாளர் பொருத்திய அலாரம் பம்பு ஒயரை வெட்டி, தன் சொந்த ரிலே வழியாக விட்டிருந்தது. டேப் சுற்றிய அந்த இணைப்பு தளர்ந்திருந்தது. வெளியில் பொருத்திய அலாரம் உள்ள காரில் முதலில் ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியைத் திறந்து, தொழிற்சாலை ஒயரைப்போல் இல்லாத ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பாருங்கள்.

மற்றொரு பின்சேர்க்கை: மலேசியச் சிறிய காரான பழைய கான்சில் போன்ற கார்புரேட்டர் கார்களைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்பு பெரும்பாலும் இன்ஜினோடு சேர்ந்து இயங்கும் மெக்கானிக்கல் வகை என்பதால் இரண்டாவது பல்புக்கு அங்கே வேலையில்லை. அதற்குப் பதிலாக, கார்புரேட்டரில் பெட்ரோலை அடைக்கும் சோலனாய்டு இருந்தால் அதன் ஒயரில் பல்பை இணையுங்கள். அதற்கு மின்சாரம் விட்டுப்போனால் ஐடிலில் இன்ஜின் அணைந்துவிடும், ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் மட்டும் ஓடும்.