பொன்னியின் செல்வனை வகுப்பில் நடத்தப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்கு வரும் தமிழாசிரியர்கள் பலருக்கு, தாங்கள் உயிராக நேசிக்கும் நாவலை மாணவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்ற துடிப்பு இருக்கிறது. பெரும்பாலும் அது பொன்னியின் செல்வன்தான். தயாரிப்பில்லாமல் போவது, பாதியில் விட்டுவிடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நாவல்மீதுள்ள பிரியத்தாலேயே நடக்கும் தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

கதைக்கு முன்னால் வம்சாவளி

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். அண்மையில் ஓர் இளம் ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கரும்பலகை முழுக்கச் சோழர் வம்சாவளி. விஜயாலயன், ஆதித்தன், பராந்தகன், கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர் என்று அம்புக்குறிகள். பட்டத்துக்கு உரியவர் யார், யாருக்கு யார் பகை, கடைசியில் முடிசூடுவது யார், எல்லாம் முதல் பீரியடிலேயே முடிந்துவிட்டது. மணியடித்ததும் ஒரு மாணவி பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்: "அப்புறம் எதுக்கு அஞ்சு பாகம்?"

கல்கி அப்படியா தொடங்கினார்? ஆடிப்பெருக்கு நாள், ஏரிக்கரை, குதிரையில் ஒரு வாலிபன். வந்தியத்தேவன் சோழ நாட்டுக்கே புதியவன். அவனுக்குத் தெரியவரும்போதுதான் நமக்கும் தெரிகிறது. தொடக்க அத்தியாயங்களிலேயே, கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தில், மூடுபல்லக்கின் திரை விலகுகிறது. உள்ளே இருப்பது இன்னார் என்று நாம் நினைத்திருப்போம். வெளியே வருவது வேறொருவர். யார் என்று இங்கேயும் சொல்ல மாட்டேன். அந்தத் திகைப்பைக் கரும்பலகை முன்கூட்டியே தின்றுவிடுகிறது.

1950 முதல் 1954 வரை வாராவாரம் காத்திருந்து படிக்கப்பட்ட தொடர்கதை இது. அத்தியாயம் எங்கே அறுந்து நிற்கிறதோ, அங்கேயே நீங்களும் புத்தகத்தை மூடுங்கள்.

சரி, இத்தனை பெயர்கள் குழப்பாதா? குழப்பும். சுவரில் ஒரு வெற்றுச் சார்ட்டை ஒட்டுங்கள். புதிய ஆள் வரும்போதெல்லாம் மாணவர்களே பெயரை எழுதிக் கோடு போடட்டும். உறவைத் தப்பாகப் போட்டாலும் திருத்தாதீர்கள். நாலு அத்தியாயம் கழித்துக் கதையே திருத்தும். அவர்களே ஓடிவந்து அழிப்பார்கள்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

சுந்தர சோழரின் மூத்த மகனான இந்த இளவரசனைக் கொன்றது யார் என்பதை இரண்டு மதிப்பெண் கேள்வியாக்கி, நோட்ஸில் ஒற்றைப் பெயரை எழுதிக் கொடுக்கிறார்கள். கல்கியே அறுதியிட்டுச் சொல்லாமல் விட்ட இடம் இது. மாணவர்கள் அணி பிரிந்து வாதாடட்டும், வரிகளைத் தேடி எடுத்துக்கொண்டு வரட்டும். ரவிதாசன் முதலியோரை அவனைக் கொன்ற துரோகிகள் என்று குறிக்கும் உடையார்குடிக் கல்வெட்டை அதன் பிறகு காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

படத்தை முதலில் போடுவது

வேண்டாம்.

வரிசையாக உரக்கப் படிக்கச் சொல்வது

ஒவ்வொருவரும் தன் பத்தி எது என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். கதையை யாரும் கேட்பதில்லை. நீங்கள் படியுங்கள்.

ஐந்து பாகத்தையும் நடத்த நினைப்பது

முடியாது, தேவையும் இல்லை. முதல் பாகமான 'புது வெள்ள'த்தின் தொடக்க அத்தியாயங்களை வகுப்பில் நிதானமாகப் படித்துவிட்டு, மிச்சத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்த அத்தியாயத்தை அச்செடுத்தும் கொடுக்கலாம். வாங்கிப் போனவர்களிடம் கட்டுரை கேட்காதீர்கள். "எதுவரைக்கும் வந்திருக்கே?" என்று மட்டும் கேளுங்கள்.