ஓபராவுக்கு மேடை அமைப்பது எப்படி? ‘டோஸ்கா’வை வைத்து ஒரு செய்முறை

ஓபரா என்பது கதையைப் பாட்டாகவே சொல்லும் மேலைநாட்டு இசை நாடகம். அதன் பாடகர்கள் பொதுவாக மைக் இல்லாமல், ஒரு முழு வாத்தியக் குழுவையும் மீறிப் பாடுகிறார்கள். ஆகவே மேடை அமைப்பவர் முதலில் காக்க வேண்டியது குரலைத்தான். அழகெல்லாம் அதற்குப் பிறகு. பழகுவதற்கு இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘டோஸ்கா’ மிக நல்லது. 1900-இல் ரோமில் அரங்கேறிய இதன் மூன்று அங்கங்களும் அதே நகரின் நிஜமான இடங்களில் நடக்கின்றன: ஒரு தேவாலயம், ஃபார்னேசே மாளிகை, சான்த் ஆஞ்செலோ கோட்டையின் மேல்தளம்.

படி 1: பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேளுங்கள். எது இல்லாவிட்டால் கதை நகராதோ அதை மட்டும் குறியுங்கள். முதல் அங்கத்துக்கு ஓவியர் ஏறி வரையும் சாரம், மக்தலேனா மரியாளின் ஓவியம், தப்பி வந்த கைதி ஒளியும் சிற்றாலயம், சாவி மறைந்திருக்கும் மாதா சிலை. இரண்டாம் அங்கத்தில் ஜன்னலை விட்டுவிடாதீர்கள். வெளியே கதாநாயகியான பாடகி டோஸ்காவும் குழுவினரும் பாடுவது அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது; காவல்துறைத் தலைவர் ஸ்கார்ப்பியா ஜன்னலைச் சாத்தியதும் பாட்டு சட்டென அறுந்துவிடுகிறது. அந்த ஜன்னல் இசையிலேயே எழுதப்பட்டது. எந்தப் பக்கம் வைப்பது என்பதை இசை நடத்துநரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

படி 2: அரங்கின் அளவுகளை வாங்கித் தரைப்படம் வரையுங்கள். முன்வரிசை ஓர இருக்கையிலிருந்தும் மேல்மாடிக் கடைசி வரிசையிலிருந்தும் மேடைக்குக் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தடைபடும் இடத்தில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.

படி 3: 1:25 அளவில் வெள்ளை அட்டையில் மாதிரி செய்யுங்கள். 12 மீட்டர் அகல மேடை 48 செ.மீ. ஆகும், 1.75 மீட்டர் உயர மனிதர் 7 செ.மீ. வண்ணம் இப்போது வேண்டாம். முதல் அங்க முடிவில் ‘தே தேயும்’ என்ற லத்தீன் துதிப்பாடலைப் பாடியபடி ஊர்வலமும் பாடகர் கூட்டமும் மேடையை நிறைக்கும், ஸ்கார்ப்பியா தனியே நின்று பாடுவார். அத்தனை பேருக்கும் அட்டை மனிதர்களை வெட்டி நிறுத்துங்கள். இடம் போதவில்லை என்றால் தூணைக் குறையுங்கள், ஆட்களைக் குறைக்காதீர்கள்.

படி 4: பாடகருக்குப் பின்னால் ப்ளைவுட் போன்ற கெட்டியான பரப்பு இருந்தால் குரல் அரங்கை நோக்கித் திரும்பும். கனமான வெல்வெட் திரை அதை விழுங்கிவிடும். முக்கியமான பாடல்களை மேடையின் ஆழத்தில் தள்ளாதீர்கள். எங்கு நின்றாலும் பாடகர் கண்ணுக்கு நடத்துநர் தெரிய வேண்டும்.

படி 5: இடைவேளைக்குள் காட்சி மாற வேண்டும், பெரிய பகுதிகளுக்குச் சக்கரம் வையுங்கள். துணிக்கும் மரத்துக்கும் தீத்தடுப்புப் பூச்சு கட்டாயம்.

படி 6: கடைசியில் டோஸ்கா கோட்டைச் சுவரிலிருந்து குதிக்கிறாள். சுவருக்குப் பின்னால் ஒரு மேடை போட்டு, அதன்மேல் தடித்த மெத்தை விரியுங்கள். விழும் உயரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மெத்தை மேல்மாடிக்குத் தெரிகிறதா என்று ஏறிப் பாருங்கள். கைகொடுத்து எழுப்ப ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும். ஒத்திகையில், நீள அங்கியோடும் அதே வெளிச்சத்திலும் பாடகி குதித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே அந்தச் சுவரை ஆணியடித்து இறுக்குங்கள்.